ஒருவருட மன்னருக்கு ஒன்பது ஆலோசகர்கள்

ஒரு நாட்டுக்கு அரசன் இல்லாவிட்டால் குறையில்லை. ஜெர்மனியைப் பாருங்கள், நூறு வருடத்துக்கு மேலாக அரசன் இல்லாமலே ரயில்களைப் பிந்தி ஓட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் அரசன் ஒருவன் இருந்து, அவனுக்கு ஆலோசனைச் சபை இல்லாமற் போனால் அது நாகரிகத்தின் அழிவு. அந்த அழிவிலிருந்து சவர்லாந்து மலைப்பக்கத்துக் கிராமம் ஒன்றைக் காப்பாற்றிய ஒன்பது பேரில் நானும் ஒருவன் என்பதை அடக்கத்துடன் பதிவுசெய்கிறேன்.

முதலில் அரசர் கிடைத்த விதம். அந்த ஊரில் ஷூட்சன் சங்கம், அதாவது குறிசுடுவோர் சங்கம், என்று ஒன்று உண்டு. பச்சைச் சட்டை போட்ட உள்ளூர்க்காரர்கள் கோடையில் ஒரு சனிக்கிழமை, உயரமான கம்பத்தில் மரக்கழுகு ஒன்றை ஏற்றிவைத்து, வரிசையில் நின்று சுடுவார்கள். கடைசித் துண்டை விழுத்துகிறவர் அந்த வருடம் முழுவதும் ராஜா. அன்று மாலை ஐந்து மணிக்கு அவர் மேடையேறித் தன் ராணியின் பெயரைச் சொல்லவேண்டும். சொன்னதும் முடிசூட்டு, ஊர்வலம், பியர். இதைவிட எளிமையான அரசியலமைப்பு உலகில் கிடையாது. எளிமையாக இருப்பதுதான் அதன் குறை.

போன வருடம் பகல் ஒன்றேகாலுக்குக் கடைசித் துண்டை விழுத்தியவர் மகேந்திரராஜா. யாழ்ப்பாணத்து மனிதர். முப்பது வருடமாக இங்கே ஒரு திருகாணித் தொழிற்சாலையில் வேலை. சங்கத்தில் பதினான்கு வருடம் இருந்தும் அதுவரை கழுகின் ஒரு சிறகைக்கூட உதிர்த்தவரில்லை. இந்தமுறை மூச்சைப் பிடித்துக் குறி பார்த்ததற்குக் காரணம் இருந்தது. அவருடைய மனைவி மங்கையற்கரசிதான் சங்க மண்டபத்தைத் துப்புரவாக்குகிறவர். மேடையிலிருக்கும் ராணியின் கதிரையை இருபத்திரண்டு வருடமாகத் துடைத்து வருகிறார். ஒருநாள் சாப்பிடும்போது கணவனிடம் சொல்லியிருக்கிறார்:

"அந்தக் கதிரையின்ரை நாலு காலும் எனக்கு மனப்பாடம். ஒருக்கா ஏறி இருந்து பாக்கவேணும் போல கிடக்கு."

அவ்வளவுதான் விஷயம். கழுகு விழுந்தது, மனைவியின் பெயரைச் சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதான் என்று அந்த அப்பாவி மனிதர் நினைத்தார்.

நல்லவேளையாகப் பக்கத்து நகரத்துத் தமிழர் ஒன்றியத்தின் தலைவர் சோதிலிங்கத்துக்குப் பத்து நிமிடத்தில் செய்தி எட்டிவிட்டது. நான் உட்பட எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு இரண்டு காரில் வந்திறங்கினார். மண்டபத்துக்குப் பின்னாலுள்ள குசினி அறையில், பதினொரு நிமிடத்தில், "மாட்சிமை தங்கிய மன்னரின் ஆலோசனைச் சபை" நிறுவப்பட்டது. ஒன்பது பேருக்கும் ஒன்பது பதவி. வெறும் உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை. எனக்குக் கிடைத்தது மூத்த போசகர் பதவி. போசகர் என்றால் பேசாமல் இருக்கவேண்டியவர். நான் ஏழுமுறைதான் பேசினேன்.

யாப்பு ஒரு கடுதாசித் துடைப்பானில் எழுதப்பட்டது. பிரிவு ஒன்று: சபையைக் கேட்காமல் மன்னர் எதையும் செய்யலாகாது. பிரிவு இரண்டு: மன்னர் கேட்டதற்காகச் சபை அவசரப்படலாகாது. பிரிவு மூன்று: ஆலோசனை சுதந்திரமாக நடக்கும்பொருட்டு மன்னர் கதவுக்கு வெளியே நிற்கவேண்டும்.

மன்னர் கழுத்தில் வெள்ளிச் சங்கிலியோடு வெளியே நின்றார். இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினார்.

"அண்ணை, நான் மங்கையின்ரை பெயரைத்தான் சொல்லப்போறன்."

"தாராளமாச் சொல்லும்," என்றார் சோதிலிங்கம். "ஆனா சபை சொல்லமுந்தி நீர் சொல்லேலாது."

மகேந்திரராஜா கதவைச் சாத்திவிட்டு வெளியே போய் நின்றார். ஜெர்மனியில் அவருக்கு வந்த முதல் கடிதத்தை வாசித்துச் சொன்னவர் சோதிலிங்கம். தொழிற்சாலை வேலைக்குக் கூட்டிப்போய்க் கதைத்தவரும் அவர். அப்படிப்பட்டவரை மீறி மனைவியின் பெயரைச் சொல்வதற்கு மனிதன் ராஜாவாக இருந்தால் போதாது.

முதல் நாற்பது நிமிடம் அவரை "மன்னர்" என்பதா "மாமன்னர்" என்பதா என்ற கேள்வியில் போனது. பிறகு ராணி விவகாரம். முடிசூட்டு முடிந்ததும் சங்கத் தலைவர் பென்ஜமினோடு ராணி ஒரு நடனம் ஆடவேண்டும் என்பது இவர்களின் வழக்கம். பென்ஜமினுக்கு எழுபத்தாறு வயது, இரண்டு முழங்காலும் மாற்றியாயிற்று. ஆனாலும் எங்கள் பண்பாட்டுக்கு அவரால் ஆபத்து உண்டா இல்லையா என்று ஆராயாமல் விடமுடியுமா? ஆராய்ந்தோம். அதற்கு ஒரு உபகுழு.

செயலாளர் தபோதரன் இன்னும் ஆழமாகச் சிந்திப்பவர். சனிக்கிழமை முடி சூடினவர் திங்கட்கிழமை வாளி தூக்கினால் சமூகத்துக்கு என்ன மரியாதை என்று கேட்டார். எல்லாரும் தேநீரை வைத்துவிட்டு யோசித்தோம். அந்த அமைதியைப் பயன்படுத்திச் சோதிலிங்கம், தனக்கு இதில் துளியும் ஆசையில்லை என்று தொடங்கி, தன் மனைவி கனகவல்லி ஜெர்மன் மொழியில் பி-ஒன்று சான்றிதழ் எடுத்தவர் என்பதைச் சபையின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். தன் மனைவி பி-இரண்டு எடுத்தவர் என்று தபோதரன் கொண்டுவந்தார். இருவருக்கும் இடையில் நான் மரக்கறி ரோல்ஸ் தட்டைக் கொண்டுவந்தேன்.

நாலேகாலுக்குக் கதவு கொஞ்சம் திறந்தது. மங்கையற்கரசி. அன்று மண்டபத்தில் அவருக்குத்தான் வேலை. ஒரு கையில் பட்டுச்சீலைப் பை, மற்றக் கையில் தரை கூட்டும் தும்புத்தடி.

"ஐஞ்சு மணிக்கு ஊர்வலமாம். நான் சீலையை உடுக்கிறதோ, வாளியைத் தூக்கிறதோ? அதை மட்டும் சொல்லிவிடுங்கோ."

கேள்வி நியாயமானது என்று சபை ஏற்றுக்கொண்டது. அதனால்தான் வாயால் சொல்லாமல் எழுத்தில் பதில் கொடுத்தோம்: "தங்கள் விடயம் பரிசீலனையில் உள்ளது." அவர் அதை இரண்டு தரம் வாசித்து, மடித்து, சீலைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

ஐந்து மணிக்கு மகேந்திரராஜா மேடையில் நின்றார். பென்ஜமின் ஒலிவாங்கியை நீட்டினார். மன்னர் வாயைத் திறந்தார், குசினிக் கதவைப் பார்த்தார், மூடினார். ஐந்து நிமிடம் எல்லாரும் காத்திருந்தார்கள். சவர்லாந்துக்காரர் ஐந்து நிமிடம் பொறுப்பது என்றால் அது வரலாறு. பெயர் வராவிட்டால் அதற்கு முந்தின வருட ராணியே தொடரவேண்டும் என்பது சங்க விதி. ஆகவே மேடைக்குக் கீழே நின்று பியர் குடித்துக்கொண்டிருந்த பழைய ராணி மெலனியைக் கூப்பிட்டு முடியை வைத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் விளங்கவில்லை. வாத்தியம் முழங்கியது. ஊர்வலம் புறப்பட்டது. மன்னர் சுடப்பட்ட கழுகு மாதிரி முன்னால் நடந்தாராம்.

சபை இதனாலெல்லாம் கலங்கவில்லை. ஐந்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு, ஐந்துக்கு நான்கு என்ற வாக்குப் பெரும்பான்மையில், மங்கையற்கரசி நான்கு நிபந்தனைகளுடன் ராணியாகலாம் என்ற ஆலோசனை எட்டப்பட்டது. நான் எந்தப் பக்கம் வாக்களித்தேன் என்பது சபை இரகசியம்.

அந்த நேரம் பார்த்து மங்கையற்கரசி உள்ளே வந்தார். கையில் வாளி. சோதிலிங்கம் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி, சபை உம்மை ராணியாக்கியிருக்கு."

"மெலனி தேவாலயத்தடி தாண்டிப் போயிட்டா, அண்ணை."

சங்கத்துக்குக் கண்டனக் கடிதம் அனுப்பப்படும் என்றார் சோதிலிங்கம். மூன்றரை மணித்தியாலமாக நாங்கள் மண்டையை உடைத்ததெல்லாம் அவருடைய கௌரவத்துக்காகத்தான் என்றும் விளக்கினார். மங்கையற்கரசி துணியைப் பிழிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, சாதாரணமாக, நேரம் கேட்பதுபோலக் கேட்டார்:

"அண்ணை, இஞ்சை வந்த புதிசிலை அகதி விண்ணப்பத்திலை எல்லாருக்கும் காரணம் எழுதிக் குடுத்தது நீங்கள்தானே. என்னெண்டு எழுதினனீங்கள்?"

சோதிலிங்கத்துக்கு முகம் மலர்ந்தது. அவருடைய வாழ்நாளின் சிறந்த வசனம் அது. எங்கள் ஒன்பது பேரின் கோப்பிலும் அதுதான் இருக்கிறது.

"'எங்கடை வாழ்க்கையை எங்களைக் கேக்காமலே தீர்மானிக்கினம்' எண்டு."

"ஓம். எனக்கும் அதைத்தான் எழுதித் தந்தனீங்கள்," என்றார் மங்கையற்கரசி. "காலைத் தூக்குங்கோ."

சபையின் வரலாற்றில் முதற்தடவையாக ஒரு தீர்மானம் விவாதமின்றி ஏகமனதாக நிறைவேறியது. பதினெட்டுக் கால்களும் ஒன்றாக மேலெழுந்தன. அவர் ஒரு மூலையிலிருந்து தரையைத் துடைக்கத் தொடங்கினார். அவசரம் எதுவும் காட்டவில்லை.