வெள்ளி நட்சத்திரமும் விமானப்படை விசாரணையும்

"விமானப்படையே நம்ம வாசலுக்கு வருதுடி! இந்தத் தோட்டத்து லயத்து வரிசையில வேற எவன் வீட்டுக்காவது வந்திருக்கா?"

ஜனார்த்தனன் கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு இஸ்தோப்புத் திண்ணையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தான். போன ஞாயிற்றுக்கிழமை மஸ்கெலியா வானத்தில் மினுங்கிப் போன மர்மப் பொருளைப் பார்த்தவன் அவன். போனில் படம் பிடித்தவனும் அவன். விமானப்படைக்குத் தகவல் கொடுத்தவனும் அவனே. படத்தை மட்டும் மனைவிக்குக் காட்டவில்லை. இராணுவ ரகசியமாம்!

அன்றுதான் மகள் கேஷிகாவின் பிறந்தநாள். "மிஷின் ஒடஞ்சிருச்சு, பெக்டரியில கூப்பிடுறாங்க" என்று கேக் வெட்டுமுன்பே ஓடியவன், இந்த மர்மத்தோடுதான் திரும்பி வந்தான்.

ஒரே ஒரு குறை. வரப்போகும் அதிகாரிக்குத் தமிழ் தெரியாது; அவனுக்குச் சிங்களம் பஸ் ஏறி இறங்கும் அளவுக்குத்தான் வரும். மனைவி சுலக்ஷனாவோ கினிகத்தேனைப் புடவைக்கடையில் சிங்களத்திலேயே வியாபாரம் பார்த்தவள்.

"நான் சொல்றத கூட்டாம கொறைக்காம சொல்லணும், என்ன?"

"சரிங்க."

ஜீப் வந்தது. நீல உடுப்பு அதிகாரி படத்தைப் பார்த்தார். சுலக்ஷனாவும் எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் சிங்களத்தில் ஏதோ சொல்லி வீட்டுக்குள்ளே கைகாட்டினாள். அவரும் எட்டிப் பார்த்துவிட்டு, பேனாவை மூடிப் பையில் செருகினார்.

'ஆளு மெரண்டுட்டாரு' என்று பெருமையோடு நினைத்துக்கொண்டான் ஜனார்த்தனன்.

"எங்க நின்னு பாத்தீங்கன்னு கேக்குறாரு" என்றாள் சுலக்ஷனா.

"பெக்டரி வாசல்ல, சேர்!"

"படத்துல விக்கெட்டு தெரியுதாமே? பெக்டரி வாசல்ல எதுக்கு விக்கெட்டு? பொய் சொன்னா விமானப்படை சும்மா விடாதாம்."

அந்தக் குளிரிலும் அவனுக்கு வேர்த்தது.

"கிரவுண்டுல, சேர். மேல் டிவிஷன் பயலுகளோட கிரிக்கெட் மேட்ச்."

"அப்போ மிஷின்?"

"ஒடையல, சேர். கேட்ச் புடிக்க அண்ணாந்தேன். பந்துக்குப் பின்னால வால் வச்சு மினுங்குச்சு. கேட்ச் போயிருச்சு. பயலுக ஓட்டக்கையன்னு கூப்பிடுறானுங்க. மர்மப் பொருள்தான்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா என் மானம் பொழைக்கும், சேர்!" என்று விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தான்.

அதிகாரி ஒரே ஒரு வரி பேசினார். சுலக்ஷனா நீட்டி முழக்கினாள். சிங்களம் ரொம்பச் சிக்கனமான பாஷை போல என்று அவன் வியந்தான்.

"அடுத்த வருசம் புள்ள பொறந்தநாளைக்கு எங்க இருப்பீங்கன்னு கேக்குறாரு."

"வீட்லதான், சேர்!"

"அதுவரைக்கும் பீலியிலேருந்து தண்ணி தூக்குறது யாரு?"

"நான்தான், சேர்!" மறுபடியும் படாரென்று சல்யூட் அடித்தான்.

அதிகாரி தேத்தண்ணி குடித்து, பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார். லயமே வாசலில் நின்று பார்த்தது. ஜனார்த்தனனுக்கு நெஞ்சு இரண்டு மடங்கானது.

"பாத்தியா! எத்தன கேள்வி! கடைசியில அது என்னவாம்?"

சுலக்ஷனா உள்ளே போய், கூரையில் ஒட்டிக்கிடந்த வெள்ளி நட்சத்திர பலூனை நூலைப் பிடித்து இறக்கி மகளிடம் கொடுத்தாள்.

"இதோட சோடிங்க. அன்னைக்குப் புள்ள கையிலேருந்து நழுவிப் பறந்துருச்சு. இதப் பாத்த ஒடனே அவருக்கு வெளங்கிருச்சு."

"அப்போ... அவ்வளவு கேள்வி?"

அவன் கையில் தண்ணி வாளியை மாட்டினாள் சுலக்ஷனா.

"அவரு கேட்டது ஒன்னே ஒன்னுதாங்க. 'ஒங்க வீட்டுக்காரரு ஏன் எனக்கு சல்யூட் அடிக்கிறாரு'ன்னு."