வெள்ளி தெளித்த சாக்ஸ்

சனிக்கிழமை இறுதி ஆட்டம். அதுவரை என் சாக்ஸில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது என்று முடிவு செய்துவிட்டேன். உயிரே போனாலும் சரி.

எங்கள் ஜீலாங் ஊர் கிரிக்கெட் கிளப்பில் அது எழுதாத சட்டம். ஜெயித்துக்கொண்டிருக்கும்போது சாக்ஸைத் துவைத்தால் அதிர்ஷ்டமும் நுரையோடு போய்விடும். தொடர்ந்து ஏழு ஆட்டம் ஜெயித்திருந்தோம். கழற்றி வைத்தால் சாக்ஸ் தானாகவே நின்றது.

"டெஸ்மண்ட், இந்த வீட்ல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாள் என் மனைவி கிளெனிஸ்.

"நாத்தம் எதனால வருது? பாக்டீரியா. அதைக் கொன்னுட்டா?"

"துவைச்சா செத்துடும்."

"துவைக்காமலே கொல்றேன், பாரு!"

நான் பல்கலைக்கழக ஆய்வகத்தில் வெள்ளி நானோ துகள் தயாரிக்கிறவன். கண்ணுக்கே தெரியாத வெள்ளிப் பொடி. பாக்டீரியாவின் மேல்தோலில் பொத்தல் போட்டுவிடும். அதை ஆல்கஹாலில் கலந்து சாக்ஸில் தெளித்தேன். தண்ணீர் படவில்லை. சட்டம் பிழைத்தது.

பிறகு சாக்ஸையும் சமையலறைத் துணியையும் தனித்தனியாகப் பஞ்சால் தடவி, இரண்டு கண்ணாடித் தட்டுகளில் கிருமி வளர்த்துக் கொண்டுவந்தேன். துணியின் தட்டில் திருவிழாக் கூட்டம். சாக்ஸின் தட்டில் ஈ காக்கா இல்லை.

"நீ பாத்திரம் துடைக்கிற துணியைவிட என் சாக்ஸ் சுத்தம்! இப்ப என்ன சொல்றே?"

"என்னத்தைச் சொல்ல? விஞ்ஞானி சொன்னா சரிதான்."

பதினெட்டு வருஷத்தில் அவள் ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. சந்தோஷம் தாங்காமல் அன்று பூசணி சூப் மூன்று கிண்ணம் குடித்தேன்.

"அருமை! திப்பியே இல்லாம வடிகட்டியிருக்கே."

"எல்லாம் உன் புண்ணியம். அந்த அழுக்குத் துணியைக் குப்பையில போட்டுட்டேன். வீட்லயே சுத்தமான துணி எதுன்னுதான் நீயே நிரூபிச்சுட்டியே."

அடுப்புப் பக்கம் திரும்பினேன். என் வலது கால் சாக்ஸ் கம்பியில் தொங்கியபடி மஞ்சளாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

"அடிப்பாவி! அதுல ஏழு ஆட்டத்து வேர்வை இருக்குடி!"

"பாக்டீரியா இல்லையே. அப்புறம் என்ன?"

இரண்டு சாக்ஸையும் பிடுங்கிக்கொண்டு ஓடி, கொதிக்கிற தண்ணீரில் சோப்பைக் கொட்டி, நானே மூன்று தடவை துவைத்தேன். சனிக்கிழமைக் கோப்பை சாக்கடையில் போவதைக் கண்ணால் பார்த்தேன்.

திரும்பி வந்தபோது கிளெனிஸ் நிதானமாகச் சல்லடையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சூப்பை இதுலதான் வடிகட்டினேன். உன் சாக்ஸை இடுக்கியால தூக்கி மாட்டி, மேல ஒரு கரண்டி ஊத்தினேன், அவ்வளவுதான். அந்தக் கண்றாவியை எவ கையால தொடுவா?"