மொட்டைமாடிக்கு ஒரு ரேஸ்

வாழ்க்கையில் ஒரு தடவையாவது பெண்டாட்டியை ஜெயித்தே தீருவது என்று அழகேசன் சபதம் எடுத்தது மொட்டைமாடியில், சித்திரை வெயிலில், கூழ்வடகத்துக்கு நடுவில் நின்றுகொண்டு. மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த சிவப்பு ரிமோட் கார் அப்போதுதான் இரண்டு வரிசை வடகத்தின் மேல் ஏறி இறங்கியிருந்தது.

"ஞாயித்துக்கிழமை ஆனா இதே ரோதனை. மாடி வடகத்துக்கா, காருக்கா? இன்னைக்கு ஒரு முடிவு தெரியணும்" என்றாள் பஞ்சவர்ணம்.

அரியலூரில் அவன் வேலை பார்த்த சிமெண்ட் ஆலையின் மனமகிழ் மன்றத்தில் மே தினத்துக்கு ரிமோட் கார் பந்தயம் வைத்திருந்தார்கள். மன்றச் செயலாளர் சாட்சாத் அழகேசனேதான்.

"அந்தப் பந்தயத்துல, எல்லாரும் ஓட்டுற பொது வகுப்புல நான் ஜெயிச்சா மாடி எனக்கு. இல்லேன்னா உனக்கு."

"சரிங்க."

இவ்வளவு சுலபமாக அவள் சரி என்றதுமே அவன் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

அவனுக்கு இருந்த ஒரே எதிரி குரும்பலூர் நல்லதம்பி. அவன் வண்டி பறக்கும். ஆனால் பந்தய விதிகளை எழுதும் பேனா அழகேசன் கையில். அன்று மாலையே பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"எடை குறைஞ்ச வண்டி எடைக்கல்லைக் கட்டிக்கிட்டுதான் ஓடணும். நல்லதம்பி வண்டி வெறும் தக்கை. ஒழிஞ்சான்."

"பெரிய மூளைங்க உங்களுக்கு" என்றாள் பஞ்சவர்ணம், காபியை வைத்துக்கொண்டே. "பொம்பளைங்களுக்கு கிளாஸ் இல்லையா?"

"வெச்சுட்டாப் போச்சு. எவ வரப் போறா?"

"அந்தாளு ஒரே வண்டிய சின்ன வண்டி கிளாஸ்லயும் ஓட்டி, உங்க கிளாஸ்லயும் வந்து ஓட்டுனா?"

அழகேசனுக்குச் சுரீரென்றது. "ஓட்டுவான், ஓட்டுவான். விதி அஞ்சு. ஒரு வண்டி ஒரு வகுப்புலதான். மொதல்ல எதுல பேர் பதியுதோ அதோட சரி."

"வண்டி கவுந்தா?"

"ஓட்டுறவங்க எடத்தை விட்டு நகரக் கூடாது. வண்டி இல்லாம சும்மா நிக்கிறவன் திருப்பத்துல நின்னு நிமித்தி விடணும். விதி ஆறு."

"நல்லா அழுத்தி எழுதுங்க" என்றாள்.

மே தினத்தன்று நல்லதம்பி வண்டியை ஒயர் கூடையில் வைத்துக்கொண்டு, பெரம்பலூரில் பஸ் மாறி வந்து இறங்கினான். எடை போட்டு, கல்லைக் கட்டினார்கள். வண்டி பிள்ளைத்தாச்சிபோல் அசைந்து அசைந்து நகர்ந்தது. அழகேசனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தன் பேரைப் பதியலாம் என்று சாவகாசமாக மேசைப் பக்கம் போனான்.

அதற்குள் மன்றத் தலைவர் கிருஷ்ணமூர்த்தி மைக்கைப் பிடித்துவிட்டார். "முதலில் பெண்கள் வகுப்பு. போட்டியாளர் ஒரே ஒருவர். திருமதி பஞ்சவர்ணம். வண்டி, சிவப்பு."

"சார், அது என் வண்டி."

"எங்க அண்ணன் எனக்குக் கொண்டாந்ததுங்க சார்" என்றாள் பஞ்சவர்ணம் பணிவாக. "நேத்தே பேர் குடுத்துட்டேன்."

"நான் பொது வகுப்புல ஓட்டணும் சார்."

"அதெப்படி அழகேசன்? விதி அஞ்சு. நீங்க எழுதுனதுதானே?"

"அப்ப நான் என்ன சார் செய்யறது?"

"வண்டி இல்லாதவங்களுக்குத்தான் ஆறாவது விதி வெச்சிருக்கீங்களே. திருப்பத்துல போய் நில்லுங்க."

போட்டியே இல்லாத போட்டியில் பஞ்சவர்ணம் முதல் பரிசு வாங்கினாள். பொது வகுப்பில் நல்லதம்பி கல்லோடு நகர்ந்தே ஜெயித்தான். கவிழ்ந்த வண்டிகளையெல்லாம் உச்சி வெயிலில் ஓடி ஓடி நிமிர்த்தியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த ஞாயிறு மாடி முழுக்க வடகம். பஞ்சவர்ணம் மாடிப்படி நிழலில் முக்காலி போட்டு, ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். சிவப்புக் கார் வடகத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு காக்கைகூடக் கிட்டே வரவில்லை. பாராட்டாமல் இருக்க முடியாது, அவ்வளவு லாகவமாக ஓட்டினாள். கைப்பிடிச் சுவர் மூலையில் மட்டும் ஒருதரம் தட்டிக் கவிழ்ந்தது.

"ஏங்க" என்று கீழே பார்த்துக் குரல் கொடுத்தாள். "விதி ஆறு."