மூன்று நாள் மௌனமும் ஒரு பீங்கான் பல்லும்

வாழ்க்கையில் ஒரு தடவையாவது வேணியை ஜெயித்துவிடுவது என்று, 1998 ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், பாளையங்கோட்டைப் பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்தபடி முடிவெடுத்தேன்.

வேணி என் மனைவி. பதினோரு வருஷம் காத்திருந்து வள்ளியூர் அரசுப் பள்ளியில் டீச்சர் வேலை வந்திருக்கிறது. சம்மதக் கடிதம் திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். எனக்குச் சம்மதமில்லை. விடியற்காலையில் அவள் பஸ் ஏறிவிட்டால் என் இட்லி எந்த பஸ்ஸில் வரும்? ஆனால் இதை வாய்விட்டுச் சொல்லத் தைரியம் கிடையாது. "என்ன சொல்லுதிய?" என்று ஒரு வாரமாகக் கேட்கிறாள். நானும் ஒரு வாரமாகப் பல்வலி என்கிறேன்.

டாக்டர் எலியேசர், பல்லுக்கு மேல் மாட்டும் பீங்கான் கேப்பின் உள்பக்கத்தை ஆசிட் வைத்துச் சொரசொரப்பாக்கினார். ஒரு மருந்து தடவினார். என் பல்லைச் சுற்றிப் பஞ்சை அடைத்தார். "எச்சில் பட்டா இந்த ரெசின் சிமெண்ட் பிடிக்காது. அசையாதிய." கேப்பில் அதைத் தடவி, பல்லில் மாட்டி நீல விளக்கை அடித்தார். "முடிஞ்சுது. இன்னைக்கு ஒரு நாள் மட்டும் முறுக்கு வேண்டாம்."

ஒரு நாளை மூன்றாக்கினேன். முறுக்கைப் பேச்சாக்கினேன். என் வாயிலிருந்து பதில் வராமல் அவள் கடிதம் போட மாட்டாள்; திங்கட்கிழமை தாண்டிவிடும். வீட்டுக்கு வந்து சீட்டெழுதி நீட்டினேன்: 'சிமெண்ட் காயவில்லை. மூன்று நாள் பேசக் கூடாது.'

"அப்படியா? பாவம்" என்றாள் வேணி. அவ்வளவுதான். அப்போதே எனக்கு எங்கோ உதைத்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை பூராவும் கூடத்துக்கும் கொல்லைக்கும் நடந்தேன். குழம்பில் உப்பில்லை, சொல்ல முடியவில்லை. என் செருப்பைப் போட்டுக்கொண்டு யாரோ ஒருவன் போனான், கூப்பிட முடியவில்லை. நாக்கு வாய்க்குள் கூண்டுப் புலியாக உலாத்தியது.

ஞாயிறு காலை வேணியின் தம்பி நடராஜ் நாங்குநேரியிலிருந்து வந்து இறங்கினான்.

"அத்தான், பேசிராதிய! பல்லு போயிரும்!" என்றான், வாசலிலேயே.

"வேலைக்குப் போக அவியளுக்குச் சம்மதம்தாம்லே" என்றாள் வேணி. "இல்லன்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாவளா?"

இல்லை என்று பலமாகத் தலையாட்டினேன்.

"தலைய ஆட்டாதிய, கேப்பு கழண்டுரும்!" என்று நடராஜ் பாய்ந்து வந்து என் தாடையைப் பிடித்துக்கொண்டான்.

அவனை உதறிவிட்டுப் பேப்பரில் 'வேண்டாம்' என்று கொட்டை எழுத்தில் எழுதி நீட்டினேன்.

வேணி வாங்கிப் பார்த்தாள். "காபி வேண்டாமாம்."

எனக்கு வந்த காபியையும் நடராஜே குடித்தான். கடிகாரத்தில் மணி பதினொன்றரை. வேணியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நல்ல மனசு தெரியுமாலே உங்க அத்தானுக்கு? தெனம் காலைல நாலு மணிக்கு எந்திச்சு, இட்லி அவிச்சு, சட்னி அரைச்சு, என் டிபன் பாக்ஸையும் கட்டித் தாரேன்னுட்டாவ."

நடராஜ் கைகூப்பினான். "அத்தான், பொறுமை! வாயத் தொறக்காதிய!"

"சாயந்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பையையும் வாங்கிக்கிடுவாவளாம்."

"நான் எப்ப சொன்னேன்டீ?" என்று கத்தினேன். தெருவே திரும்பியிருக்கும். "போகக் கூடாது! எனக்குச் சம்மதமில்ல!"

நாக்கால் கேப்பைத் தொட்டுப் பார்த்தேன். மலை மாதிரி நின்றது.

"ஏன் நிக்காது?" என்றாள் வேணி. "நீல லைட்டு அடிச்ச மறுநிமிஷமே இறுகிப் போச்சாம். நீங்க சீட்டு நீட்டுனதுமே டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுட்டேன். சம்மதக் கடிதம் நேத்துக் காலைலயே தபால்ல போயாச்சு."

நடராஜைத் திரும்பிப் பார்த்தேன். "அப்ப இவன எதுக்கு வரச் சொன்ன?"

"ஒரு பந்தயம். நீங்க திங்கக்கிழமை வரைக்கும் தாக்குப் பிடிப்பியன்னான். ஞாயித்துக்கிழமை மத்தியானம் தாண்டாதுன்னேன். தோத்தா அவன் எனக்குப் பட்டுச்சேலை எடுத்துத் தரணும்."

நடராஜ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். முகம் தொங்கிப்போயிருந்தது.

"இன்னும் அரை மணி நேரம் பொறுத்திருக்கப்பிடாதா, அத்தான்?"