தெலுங்கில் பேசிய பீமன்

நாற்காலியைக் கொண்டுவந்து போட்டபோதே ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று கோவர்த்தனனுக்குத் தெரிந்துவிட்டது.

கூத்துக் கற்றுக்கொள்ள வந்த மாணவனுக்கு யாரும் நாற்காலி போடமாட்டார்கள். ஊரில் இருந்ததே அந்த ஒரு நாற்காலிதான். அதன் குட்டையான காலுக்கு அடியில் ஓட்டுத் துண்டு வைத்து, இரண்டு பேர் அழுத்திப் பார்த்துவிட்டு அவனை உட்காரச் சொன்னார்கள்.

"கூச்சோண்டி சார்," என்றார் செங்கல்வராயன். அந்த ஊர்க் கூத்து வாத்தியார். புத்தூர்ப் பக்கத்தில் தமிழ்ப் பாரதக் கூத்து என்றால் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். அவர் தெலுங்கில் பேசினார்.

கோவர்த்தனன் உட்காரவில்லை. "நான் லெட்டர் போட்டிருந்தேனே, வாத்தியாரே. திருப்பதி காலேஜ். நாடக டிப்ளமா. என் பேரு கோவர்த்தனன்."

கூடி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இட்லிக்கடை ரத்தினம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"அவுனு சார், அவுனு," என்றார் செங்கல்வராயன், பைத்தியக்காரனுக்குத் தலையாட்டுவது போல.

லெட்டர் நான்கு பக்கம். மூன்று முறை திருத்தி எழுதியது. அந்த வருஷம்தான் கல்லூரியில் 'தனி ஆய்வு' என்று ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். மாணவன் தானாக ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தானாகப் போய்த் தங்க வேண்டும். ஒரு வேஷமாவது கட்டி ஆட வேண்டும். ஆடினான் என்று அங்கேயுள்ள வாத்தியார் சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அதைப் பார்த்து மேற்பார்வையாளர் கையெழுத்துப் போடுவார். மேற்பார்வையாளர் நாகபூஷணம் இதை இன்னும் சுருக்கமாகச் சொல்லியிருந்தார்: "தனி ஆய்வு என்றால் தனி. என்னிடம் எதுவும் கேட்காதே."

சனிக்கிழமைக்குள் இரண்டு கையெழுத்தும் வந்து சேராவிட்டால் டிப்ளமா இல்லை. டிப்ளமா இல்லாவிட்டால் சித்தூரில் நைனாவின் வெல்ல மண்டி. நைனா அவனுக்காக ஒரு முக்காலியை ஏற்கெனவே துடைத்து வைத்திருந்தார்.

கோவர்த்தனனுக்குக் கூச்சம் அதிகம். பள்ளி நாடகத்தில் கடைசி நிமிஷத்தில், தான் பெட்ரோமாக்ஸ் விளக்கு கொண்டுவந்த ஆள் என்று சொல்லி மேடையிலிருந்து ஓடியவன் அவன். இந்த முறை அப்படி நடக்கக் கூடாது என்று லெட்டரின் கடைசியில் தன்னைப் பற்றித் தானே எச்சரிக்கை செய்திருந்தான்: 'வேஷம் வேண்டாம் என்று நான் மறுப்பேன். நான் அந்த ஆளே இல்லை என்றுகூடச் சொல்வேன். தயவுசெய்து விடாதீர்கள். பாஞ்சாலி வேஷமாக இருந்தாலும் சரி.' சர்டிபிகேட் படிவத்தையும் கூடவே வைத்து அனுப்பியிருந்தான். பெயர் எழுதும் இடத்தை மட்டும், அடக்கம் கருதி, காலியாக விட்டிருந்தான்.

போன செவ்வாய்க்கிழமை வருவதாக எழுதியிருந்தது. சளிக் காய்ச்சலால் ஒரு வாரம் தள்ளிப்போய்விட்டது. அதற்காக இன்னொரு லெட்டர் போடுவானேன் என்று இருந்துவிட்டான்.

"வாத்தியாரே, பாட்டெல்லாம் எழுதிக்கலாமா?" என்று நோட்டைத் திறந்தான். ஆய்வின் தலைப்பு முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்தது: 'எல்லையோரத் தமிழ்க் கூத்து'.

செங்கல்வராயன் தலைப்பை எழுத்துக் கூட்டிப் படித்தார். 'எல்லை' என்ற சொல்லில் அவர் விரல் நின்றது. முகம் வெளுத்தது.

"மாக்கு அரவம் ராது சார்," என்றார். தங்களுக்குத் தமிழே வராது என்று.

"வராதா? உங்க பேரே செங்கல்வராயன்!"

"அதி மா நைனா பெட்டிந்தி," என்று பழியை அப்பா மேல் போட்டார்.

பின்னால் யாரோ ஒரு பெண் மாட்டைத் தமிழில் திட்டிக்கொண்டு போனாள். நான்கு பேர் ஓடிப்போய் அவளை அடக்கினார்கள்.

விஷயம் சாயந்திரம்தான் விளங்கியது. பீமன் வேஷம் கட்டும் திருவேங்கடம், அவனுக்குத் தண்ணீர்ச் சொம்பு கொடுத்துவிட்டு, யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, காலைத் தொட்டான்.

"சார், ஏரிய மட்டும் அந்தாண்ட உட்டுடாதீங்க சார். புள்ள குட்டிக்காரன் சார்."

"எந்த ஏரி?"

"எங்க ஏரிதான். ஊர்ல தமிழு ஜாஸ்தின்னு நீங்க எழுதிட்டா ஊர மெட்ராஸ் பக்கம் தள்ளிடுவீங்களாம். ஏரி ஆந்திராவுல நின்னுடுமாம். கர்ணம் சொன்னாரு. எல்லைக் கமிஷன் ஆபீசர் மாறுவேஷத்துல கூட வருவாருன்னும் சொன்னாரு." அப்போதுதான் தான் தமிழில் பேசிக்கொண்டிருப்பது அவனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, "செருவு சார், மா செருவு," என்று தெலுங்கில் முடித்தான்.

தன்னை யாரென்று நினைத்துவிட்டார்கள் என்பது கோவர்த்தனனுக்குப் புரிந்தது. உடனே ஓடிப்போய்க் கல்லூரி கொடுத்த கடிதத்தை எடுத்துவந்து வாத்தியாரிடம் நீட்டினான்.

"பாருங்க. நான் ஸ்டூடண்டு. காலேஜ் முத்திரை."

வட்ட முத்திரை. ஊதா மசி. செங்கல்வராயன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகத் திருப்பிக் கொடுத்தார். வட்ட முத்திரை வைத்திருப்பது சர்க்கார் மட்டும்தான் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அன்று மாலை நாற்காலியின் மேல் ஒரு ஜமுக்காளமும் விரிக்கப்பட்டது.

புதன்கிழமை காலையில் அவன் பேண்ட்டைக் கழற்றிவிட்டு லுங்கி கட்டினான். எல்லோரோடும் தரையில் உட்கார்ந்து ரத்தினம்மா கடையில் களி தின்றான். பழக்கமில்லாததால் விக்கியது.

"இன்னாமா நடிக்கிறாரு பாரு," என்று ரத்தினம்மா அடுப்புப் பக்கம் திரும்பிச் சொன்னது அவன் காதில் விழுந்தது. "களி துன்ற மாதிரியே துன்றாரு."

கடைசியில் தன் வாழ்க்கையில் செய்யவே மாட்டேன் என்று நினைத்த காரியத்தைச் செய்தான். எல்லோர் எதிரிலும் எழுந்து நின்று, "எனக்கு வேஷம் கட்டுங்க," என்றான்.

எல்லோரும் வாத்தியாரைப் பார்த்தார்கள்.

"பாஞ்சாலி வேஷமா இருந்தாலும் சரி. நான் புடவை கட்டத் தயார்."

"வத்து சார்," என்று செங்கல்வராயன் கையெடுத்துக் கும்பிட்டார். வேண்டாம், வேண்டாம். சர்க்கார் ஆளுக்குப் புடவை கட்டினார்கள் என்று நாளைக்கு ஒரு கேஸ் வந்தால் யார் பதில் சொல்வது?

கோவர்த்தனன் தானே போய் வேஷப் பெட்டியைத் திறந்து பாஞ்சாலியின் சிவப்புப் புடவையை எடுத்தான். அது ஈரம் காய்ந்த மொடமொடப்போடு, இப்போதுதான் துவைத்தது போல இருந்தது. செங்கல்வராயன் அதைப் பிடுங்கினார். அவன் விடவில்லை. இருவரும் இரண்டு முனைகளிலிருந்து கொஞ்ச நேரம் இழுத்தார்கள். கடைசியில் மாணவன் தோற்றான்.

அவனுக்கு ஒரு வழிதான் மிச்சம். சைக்கிள் இரவல் வாங்கிப் புத்தூருக்குப் போய், நாகபூஷணத்துக்குத் தந்தி அடித்தான்: 'மாணவன் என்று நம்பவில்லை. உடனே வரவும்.' எப்படியும் அவர் வெள்ளிக்கிழமை வரவேண்டியவர்தான். வந்து இவன் என் மாணவன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அவர் வியாழக்கிழமை மத்தியானமே வந்தார். ஜீப்பில் வந்தார்.

அவருடைய மைத்துனர் விவசாய இலாகாவில் வேலை. ஜீப் அவருடையது. ஆனால் புழுதியைக் கிளப்பிக்கொண்டு சர்க்கார் ஜீப் ஊருக்குள் நுழைந்து, அதிலிருந்து கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் குடையோடு இறங்கியதைப் பார்த்தவுடன், கோவர்த்தனன் அங்கேயே கண்ணை மூடிக்கொண்டான்.

நாகபூஷணம் ஊராரைப் பார்த்துத் தெலுங்கில் உரக்கச் சொன்னார்: "இவன் என் மாணவன். இவன் வேலையை மேற்பார்வை செய்ய வந்திருக்கிறேன்."

எல்லோரும் பயபக்தியோடு தலையசைத்தார்கள். சின்ன ஆபீசருக்கு மேலே பெரிய ஆபீசர் இருக்கத்தானே செய்வார்.

பெரிய ஆபீசருக்கு நாற்காலி கிடைத்தது. சின்னவன் நின்றான்.

"எங்கேப்பா உன் தமிழ்க் கூத்து?" என்றார் நாகபூஷணம். "ஆரம்பிக்கச் சொல்லு. இருட்டுவதற்குள் நான் போகணும்."

துகில் உரியும் கட்டம். மத்தியான வெயிலில் அரிதாரம் உருகி எல்லோர் கழுத்திலும் ஓடியது. இரண்டு பேர் திரை பிடித்தார்கள். திரை விலகியது. கூத்து தெலுங்கில் ஆரம்பித்தது.

சிக்கல் என்னவென்றால் யாருக்கும் கூத்துக்கான தெலுங்கு தெரியாது. அவரவர் பிழைப்புக்குப் பேசிய தெலுங்குதான் தெரியும். துச்சாதனன் சந்தையில் துணி விற்பவன். பாஞ்சாலியின் புடவையைப் பிடித்து ஓர் இழு இழுத்து, "கெஜம் எந்த?" என்று கர்ஜித்தான். ஒரு கெஜம் என்ன விலை என்று.

பாஞ்சாலியாக நின்ற செங்கல்வராயன் இரண்டு கையையும் தூக்கி, "கோவிந்தா!" என்று அலறினார்.

"கெஜம் எந்த?"

"கோவிந்தா! கோவிந்தா!"

பீமன் சபதம் செய்ய வேண்டிய இடம் வந்தது. திருவேங்கடம் எட்டு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். கதாயுதத்தைச் சுழற்றி, தொடையைத் தட்டி, நரம்பு புடைக்க முழங்கினான்:

"புத்தூரு! ரேணிகுண்ட! திருப்பதி! எக்கண்டி, எக்கண்டி! ஜருகண்டி!" ஏறுங்கள், ஏறுங்கள், நகருங்கள் என்று.

திரை பிடித்த இருவரில் ஒருவன் பழக்க தோஷத்தில் நகர்ந்து வழிவிட்டான்.

நாகபூஷணம் கோவர்த்தனனின் நோட்டை வாங்கித் தலைப்பைப் படித்தார். மேடையைப் பார்த்தார். மறுபடியும் தலைப்பைப் படித்தார்.

"நோட்டில் தமிழ்க் கூத்து. கண்ணுக்கு எதிரில் தெலுங்கில் பஸ் ஸ்டாண்டு. நான் எதற்கு ஐயா கையெழுத்துப் போடுவது?"

"சார், இவங்க என்னை..."

"வேஷம் கட்டினாயா?"

"கட்ட விடமாட்டேங்கறாங்க சார்."

"சர்டிபிகேட்?"

"படிவத்தைத் தபால்லயே அனுப்பிட்டேன் சார். வாங்கிடறேன்."

"ஜீப்பில் உட்கார்ந்திருக்கிறேன். பத்து நிமிஷம். அந்தச் சர்டிபிகேட்டில் வாத்தியார் கையெழுத்து இருந்தால், தலைப்பை மாற்றிக்கொண்டாவது பாஸ் போடுகிறேன். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்."

அடுத்த வருஷம் என்று ஒன்று இல்லை. முக்காலிதான் இருந்தது.

கோவர்த்தனன் செங்கல்வராயனிடம் ஓடினான். அவர் முகத்துச் சாயத்தைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரே, லெட்டரோட ஒரு படிவம் அனுப்பினேனே. அது எங்கே? ஒரு கையெழுத்து. ஒரே ஒரு கையெழுத்து."

செங்கல்வராயன் எண்ணெய்த் துணியோடு அப்படியே நின்றார். "ஏ காகிதம் சார்?"

"கல்லூரிப் படிவம்! வேஷம் கட்டி ஆடினார்னு நீங்க எழுதித் தர்றது!"

"அதி... அதி லேது சார்." அது இல்லையாம். அவர் கண்கள் இட்லிக்கடைப் பக்கம் போய் வந்தன. பிறகு புடவையோடு வேகமாக நடந்து கோயிலுக்குப் பின்னால் மறைந்தார்.

ஜீப்பில் ஹார்ன் ஒரு முறை அடித்தது.

கோவர்த்தனன் இட்லிக்கடைப் பலகையில் உட்கார்ந்தான். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். இந்த முறை ஓடவில்லை, மறுக்கவில்லை, வேஷம் கொடு என்று வாய்விட்டுக் கேட்டாயிற்று. அப்படியும் இந்தக் கதி. அழக் கூடாது என்று நினைத்தான். முடியவில்லை.

ரத்தினம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கரண்டியைத் தட்டில் வைத்தாள். அவளுக்கு இரக்கமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. மூன்று நாளாகத் தெலுங்கு பேசி அவள் வாய் வேறு வலித்தது.

"போதும் சார், நிறுத்துங்க," என்றாள் தமிழில். "பெரிய ஆபீசரே வந்து பாத்துட்டாரு. இன்னும் இன்னாத்துக்கு இந்த வேஷம்?"

"அம்மா, சத்தியமா நான் ஸ்டூடண்டும்மா. ஏன் யாருமே நம்ப மாட்டேங்கறீங்க?"

"எப்பிடி சார் நம்புறது? லெட்டர் போட்ட புள்ள போன வாரம் செவ்வாக்கெழமையே வந்துட்டுப் பூட்டாரு."

கோவர்த்தனன் முகத்திலிருந்து கையை எடுத்தான். "யாரு? யாரு வந்தது?"

ஹார்ன் மறுபடியும் அடித்தது. இந்த முறை நீளமாக.

"நோட்டும் கையுமா வந்தாரு சார், பாவம், லெட்டர்ல எழுதியிருந்த அதே கூச்சம்," என்றாள் ரத்தினம்மா. "'நான் எல்லைக் கமிஷன் ஆளு, நான் எல்லைக் கமிஷன் ஆளு'ன்னு அழுதுக்கினே இருந்தாரு, நாங்க உடுவோமா, புடிச்சி பாஞ்சாலி வேஷம் கட்டி, தமிழ்ப் பாட்டு அம்புட்டையும் எழுதிக்க வெச்சி, வாத்தியார் கையெழுத்தையும் போட்டுக் குடுத்துத்தான் அனுப்பிச்சோம்."