சொர்காத்தின் மடியில் ஒரு காதுகுத்து

நீளமான மூக்கோடு பிறந்தவன் நாயகன் வேஷத்துக்கு ஆசைப்படக் கூடாது. பள்ளிக்கூட நாடகங்களில் நான் எப்போதும் கெட்ட மந்திரி. கல்லூரி ஆண்டு விழாவில் வட்டிக்காரன். வேலைக்குப் போன பிறகாவது இந்த மூக்கு என்னைச் சும்மா விடும் என்று நினைத்தேன். விடவில்லை.

அப்போது அருள்புரத்தில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். (பெயரைக் கேட்டுப் பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிற பையர் திட்டுவதை மெயிலில் வாங்கி, ஃபேக்டரிக்குள் கொண்டுபோய்க் கொடுத்து, அங்கே திட்டுவதையும் வாங்கிக்கொள்கிற உத்தியோகம்.) புதிதாக ஒரு பையர் கிடைத்திருந்தார். சூப்பர் ஹீரோ காமிக்ஸ் போடுகிறவர்கள். அந்தக் கதையில் வருகிறவர்களின் படத்தைக் குழந்தைகளின் இரவு உடையில் அச்சடித்து விற்பார்கள். சட்டையின் முன்பக்கம் வானத்தில் பறக்கிற ஹீரோ. முதுகுப் பக்கம் அவனுடைய ஜென்ம எதிரி, மந்திரவாதி சொர்காத்.

சொர்காத்துக்குப் பச்சை முகம், இடுப்பு வரை வெள்ளைத் தாடி, ஆலம் விழுது மாதிரி விரல்கள். ஆட்களின் நிழலைத் திருடிப் புட்டியில் அடைத்து வைப்பான். நிழல் போனவன் பலம் போய்ப் படுத்துவிடுவான். கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கம் ஹீரோ வந்து புட்டியை உடைப்பான். அடுத்த புத்தகத்தில் சொர்காத் புதுப் புட்டியோடு வருவான்.

எங்கள் எம்.டி. எதையும் முழுதாகப் படித்துவிட்டுத்தான் ஆர்டர் எடுப்பார். காமிக்ஸையும் படித்தார்.

"ஏனுங்க பிரபு, இந்தாளு எல்லாப் புக்குலயும் தோத்துத்தான் போறாரு. அப்புறம் எதுக்குங்க மறுக்கா மறுக்கா வர்றாரு?"

"அதுதானுங்க சார் அவரு வேலை."

"உங்களாட்டவேன்னு சொல்லுங்க," என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சொர்காத்தின் முகத்துக்கு நாங்கள் அனுப்பிய பச்சையை அந்தப் பையர் அம்மா திரும்பத் திரும்பத் தள்ளிக்கொண்டிருந்தார். ஒன்று இலைப் பச்சை, ஒன்று பாசிப் பச்சை, ஒன்று "ஆஸ்பத்திரித் திரைச்சீலை". கடைசியில் அந்த அம்மாவே நேரில் வருவதாக மெயில் வந்தது. எம்.டி. ஒரு யோசனை சொன்னார். வாசலில் ஹீரோவும் மந்திரவாதியும் நேரிலேயே நின்று வரவேற்றால் பையர் அசந்துவிடுவார் என்று. ஹீரோவாக கட்டிங் செக்‌ஷன் கார்த்தி. தினமும் ஜிம்முக்குப் போகிறவன். மந்திரவாதி யார் என்று யாரும் யோசிக்கக்கூட இல்லை. எல்லோரும் என் மூக்கைப் பார்த்தார்கள்.

எனக்கு அதில் ஒரு சிக்கல் இருந்தது. பையர் வருவது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை காலை ஊத்துக்குளிப் பக்கம் எங்கள் அக்கா வீட்டுக் குலதெய்வம் கோயிலில், அக்கா மகள் யாழினிக்கு மொட்டையடித்துக் காதுகுத்து. நான் ஒரே தாய்மாமன். என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அக்காவின் மாமியார் வீட்டார் இந்த முறைகளில் கறாரானவர்கள். அக்கா கல்யாணத்தில் நான் மாப்பிள்ளைக்கு மோதிரம் போட மறந்து பந்தியில் உட்கார்ந்திருந்ததை அவர்கள் இன்னும் மறக்கவில்லை.

"ஒரு மணி நேரத்து வேலைதானுங்க. முகத்தைக் கழுவிட்டு ஜம்முனு கெளம்புங்க," என்றார் எம்.டி.

ஒப்பனைப் பொறுப்பை பிரிண்டிங் மாஸ்டர் அந்தோணி அண்ணன் எடுத்துக்கொண்டார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். எதற்கும் அஞ்சமாட்டார், அடுத்தவர் முகம் என்றால் சுத்தமாக அஞ்சமாட்டார்.

"கடையில போயி மேக்கப்பு வாங்கணுமாம்லா. நம்மகிட்ட இல்லாத பச்சையாடே? கைப்புள்ள சட்டைக்கு அடிக்கிற கலரு. வாயில வச்சுச் சப்புனாக்கூட ஒண்ணும் செய்யாது."

"கழுவினாப் போயிருமுங்களாண்ணா?"

"தண்ணியில போயிரும். சவத்த, நீ மூஞ்சியக் காட்டு."

நாலைந்து டப்பாக்களிலிருந்து கைக்கு வந்ததையெல்லாம் அள்ளிக் குழைத்து என் நெற்றி முதல் கழுத்து வரை பூசினார். குளிர்காலச் சட்டைக்கு உள்ளே வைக்கிற வெள்ளைப் பஞ்சுத் துணியில் தாடியும் மீசையும் வெட்டினார். அதை ஒட்டுவதற்கு எடுத்தது, அச்சடிக்கும்போது சட்டை நகராமல் இருக்க மேசையில் தடவுகிற பசை. கலர் சொட்டிக்கொண்டே இருந்தது. "கொஞ்சம் சூடு காட்டுனா நிக்கும்," என்று அச்சைக் காய வைக்கிற சூட்டுக் காற்று மெஷினை என் முகத்துக்கு நேரே பிடித்தார். கன்னம் இறுகி, அப்பளம் மாதிரி ஆனது.

(அச்சடித்த கலருக்குச் சூடு காட்டுவது எதற்கு என்று எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனை முறை துவைத்தாலும் போகாமல் இருப்பதற்கு. பையருக்கு வாரம் ஒரு மெயிலில் இதை எழுதுகிறவனே நான்தான். ஆனால் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும்போது அதெல்லாம் யாருக்கு ஞாபகம் வருகிறது.)

பையர் அம்மா காரை விட்டு இறங்கினார். கார்த்தி கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றான். அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் சாம்பிராணிப் புகை கிளம்ப, ஊதா அங்கியோடு நான் வெளியே வந்தேன். "உங்கள் நிழல்களைப் பறித்துவிடுவேன்" என்று கர்ஜிக்க வேண்டும். தமிழிலேயே சொல், மந்திரம் மாதிரி இருக்கும் என்று எம்.டி. சொல்லியிருந்தார். ஒத்திகையில் சரியாகவே வந்தது. ஆனால் விருந்தாளியைப் பார்த்ததும் எங்கள் ஊர் வாய் தானாகவே திறந்துகொண்டது.

"வாங்கம்மா, வாங்க. உங்க நெழலையெல்லாம் புடுங்கிப்போடுவேனுங்க. சாப்டுட்டீங்களா?"

என்ன சொன்னேன் என்று அவர் கேட்க, எம்.டி. ஆங்கிலத்தில் கடைசி வார்த்தையை மட்டும் சொன்னார். அந்த அம்மா சிரித்தார். கிட்டே வந்து என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு என் கன்னத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். பிறகு எம்.டி.யிடம், மாதக்கணக்கில் தான் கேட்டுக்கொண்டிருந்த பச்சை இதுதான் என்றார்.

எம்.டி. அந்தோணி அண்ணனைப் பார்த்தார். "எப்படிங்க கலக்குனீங்க?"

"கையில வந்தத அள்ளிப் போட்டேன், சார். அளவா பாத்தோம்?"

ஆக, அந்தப் பச்சை உலகத்திலேயே என் முகத்தில் மட்டும்தான் இருந்தது. கழுவக் கூடாது என்று எம்.டி. உத்தரவு போட்டார். லேபில் கலர் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு விளக்குப் பெட்டி உண்டு. துணித் துண்டு வைத்துப் பார்க்கிற இடத்தில் என் தலையை வைத்தார்கள். லேப்காரர் ஒவ்வொரு மாதிரியாகக் கலக்கி என் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பார். "சார், மூச்சு விடாதீங்க, கலர் அசையுது," என்பார். ஆர்டர் கிடைத்துவிட்டது. என்னை வெளியே எடுக்கும்போது சாயங்காலம் ஆகிவிட்டது.

அப்புறம் கழுவினேன். சோப்பு, தேங்காய் எண்ணெய், கடலை மாவு, எலுமிச்சம்பழம். பச்சை பளபளப்பானதுதான் மிச்சம். தாடியை இழுத்தால் முகமே கூட வந்தது. நூல் பிசிறு வெட்டுகிற கத்தரியால் அந்தோணி அண்ணன் தாடியைக் கைப்பிடி அளவுக்குக் குறைத்தார். "நம்ம கம்பெனி கலரு அப்படில்லா," என்று அவர் பெருமைப்பட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது. கறை எடுக்கிற மருந்தை அடித்துப் பார்க்கலாமா என்று கேட்டார். கண் வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, நாளைக்கு நான் வர்றதுல ஒரு சிக்கல். மூஞ்சி பச்சையாயிருச்சு."

"ஏண்டா, யாருக்குக் காது குத்தற?"

போட்டோ எடுத்து அனுப்பினேன். அக்காவே திருப்பிக் கூப்பிட்டாள்.

"நீ வரலீன்னா எங்க மாமியா என்ன சொல்லுவாங்கன்னு உனக்கே தெரியுமில்ல? பச்சையோ செவப்போ, வந்து உக்காரு. மூஞ்சியவா கேட்டாங்க, மடியத்தான கேக்கறாங்க."

காலையில் பஸ்ஸில் துண்டால் முகத்தை மூடி உட்கார்ந்தேன். காற்றில் துண்டு விலகியது. பக்கத்துச் சீட்டு அம்மா எழுந்தே நின்றுவிட்டார். நான் பயந்து, "ஒண்ணுமில்லீங்கம்மா," என்றேன்.

"வேண்டுதலுங்களா சாமி?"

இல்லை என்று சொன்னால் கதை முழுக்கச் சொல்ல வேண்டும். ஆமாங்க என்றேன். கூடையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து என் கையில் வைத்துக் கும்பிட்டார். கண்டக்டர்கூட அதன் பிறகு என்னைத் தாண்டும்போது தோளை ஒதுக்கிக்கொண்டு போனார்.

கோயிலில் அந்த மரியாதை இல்லை. நான் உள்ளே நுழைந்ததும் மேளம் பாதி அடியிலேயே நின்றது. சீர்த்தட்டோடு முன்னாலேயே வந்திருந்த என் அப்பா, என்னை யாரென்றே தெரியாதவர் மாதிரி தேங்காய்களை எண்ண ஆரம்பித்தார். அக்காவின் மாமனார்தான் எழுந்து வந்தார்.

"ஏனுங்க தம்பி, ஒடம்புக்கு ஏதாச்சும் ஆகிப்போச்சுங்களா?"

"இல்லீங்க மாமா. ஆபீஸ் வேலையா ஆகிப்போச்சுங்க."

மாமியார் என்னைப் பார்க்காமலே பேசினார். "இந்தக் கோலத்துல பச்சப்புள்ளைய உக்கார வெச்சா பயந்து போயிருமுங்க. காச்ச கீச்ச வந்துட்டா யாரு பாக்கறது? எங்க தங்கச்சி மகன் இருக்கறானுங்க, அவன் மடியில வெச்சுக் குத்திக்கலாம்."

யாரும் மறுக்கவில்லை. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. மெதுவாகப் பின்வாங்கினேன். அப்போது, கல்யாணமான நாளிலிருந்து மாமியாருக்கு முன்னால் குரல் உயர்த்தாத என் அக்கா, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடுவில் வந்து நின்றாள்.

"என்ற தம்பி உசுரோட இருக்கறப்ப என்ற புள்ள வேறொருத்தர் மடியில உக்காராதுங்க அத்தை."

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து மணையில் உட்கார வைத்தாள். என் வாழ்நாளில் அவ்வளவு கூச்சமும் அவ்வளவு பெருமையும் ஒரே நேரத்தில் வந்ததில்லை. (வெளியே தெரியவில்லை. பச்சையில் எதுவும் தெரியாது.)

யாழினி அப்போதுதான் மொட்டை போட்ட கோபத்தில் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தாள். சந்தனம் பூசிய மஞ்சள் தலையோடு அவளை என் மடியில் வைத்தார்கள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அழுகை பாதியில் நின்றது. இனி இரட்டிப்பாக வெடிக்கும் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவள் வாயைத் திறந்தபடியே பார்த்தாள். விரலால் என் கன்னத்தைத் தேய்த்தாள். விரலில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. மறுபடி தேய்த்தாள். சொர்காத் நிழலைத்தான் திருடுவான் என்று படித்திருந்தேன். இவளுடைய அழுகையைத் திருடிக்கொண்டேன் போல.

ஆசாரி அந்தச் சந்தர்ப்பத்தை விடவில்லை. வலது காதில் கம்பி ஏறியது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தாடியை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

இடது காதில் குத்தும்போது அவளுக்கு வலித்தது. அந்த நேரம் அவளுடைய இரண்டு கையிலும் என் தாடி இருந்தது. அந்தச் சின்னக் கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, ஒரே இழுப்பு. தாடி, மீசை, அதற்கு அடியில் இருந்த என் சொந்த மீசையில் பாதி, எல்லாம் சேர்ந்து வந்தது.

நான் போட்ட சத்தத்தில் கோயில் கூரையிலிருந்த புறாக்கள் பறந்தன. கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர். யாழினி கையிலிருந்த தாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கைகொட்டிச் சிரித்தாள். போட்டோக்காரர் எடுத்த படங்களிலேயே தெளிவாக விழுந்தது அதுதான். காது குத்திக்கொண்ட குழந்தை சிரிக்கிறது. குத்தாத மாமன் அழுகிறான்.

பெரியவர்களில் முதலில் சிரித்தது அக்காவின் மாமியார். சிரித்துச் சிரித்துப் புரையேற, அக்காதான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "மடின்னா இதுதாண்டி மடி," என்று சொல்லி அவள் தோளில் சாய்ந்துகொண்டார். மோதிரப் பேச்சு அன்றோடு முடிந்தது. பச்சை போவதற்குத்தான் ரொம்ப நாள் ஆனது.

அந்தப் போட்டோ வாட்ஸப்பில் கொங்கு நாடு முழுக்கச் சுற்றியது. சாமளாபுரத்தில் எனக்குப் பெண் பார்க்கப் போனபோது, ஜாதகத்துக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. இந்தச் சம்பந்தமும் போயிற்று என்று நினைத்தேன். பெண் சம்மதித்துவிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு காரணம் கேட்டேன். "போட்டோல பச்சையா இருந்தீங்க. நேர்ல பாத்தா மாநெறம். லாபந்தான்னு நெனச்சேன்," என்றாள்.

யாழினி இப்போது காமிக்ஸ் எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். என்னை மந்திரவாதி மாமா என்றுதான் கூப்பிடுகிறாள். எங்கள் சொந்தத்தில் யார் வீட்டில் காதுகுத்து என்றாலும் பத்திரிகையைக் கொடுத்துவிட்டு, "மூஞ்சிய மட்டும் அதே பச்சையோட கொண்டாந்துருங்க," என்று சொல்லாமல் போவதில்லை.

வருகிற தை மாதம் என் பெண்ணுக்கே காதுகுத்து. மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவர் என் மனைவியின் அண்ணன். பேங்க்கில் வேலை, சட்டையில் ஒரு மடிப்பு கலையாத மனிதர். போன வாரம் அவருக்குத் தேதி சொல்லும்போது என் மனைவி, "ஏனுங்கண்ணா, நீங்க எந்தக் கலர்ல வர்றீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

விளையாட்டுக்குத்தான் கேட்டாள். மறுநாள் காலையிலேயே அவர் என்னைக் கூப்பிட்டார். கொஞ்ச நேரம் மழை, விலைவாசி என்று சுற்றிவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மாப்ளே, அந்தக் கலரு நெசமாலுமே தோலுக்கு ஒண்ணும் பண்ணாதுங்களா?"