முக்குளிப்பானும் முப்பத்தெட்டுப் படங்களும்

ஓய்வு பெற்ற மனிதன் கையில் புதிய கருவி எதையும் கொடுக்கக் கூடாது. மனைவி இறந்து பதினோரு மாதம் ஆகியும் நான் சுவரையே பார்த்து உட்கார்ந்திருந்ததால், மகன் ஒரு கேமரா வாங்கித் தந்தான். அதன் கையேடு நூற்றுநாற்பது பக்கம். இரண்டு முறை படித்தேன். (புரிந்தது ஒன்பது பக்கம்.)

ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் படம் எடுக்கக் காகம் மட்டும்தான் அகப்பட்டது. அதனால் கான்சாபுரத்துக்கு பஸ் ஏறினேன். மகள் கலா அங்கே வாழ்க்கைப்பட்டு ஐந்தே மாதம். புது மருமகளின் அப்பா எப்படிப்பட்டவர் என்று தெருவே கவனிக்கும் காலம். "சூதானமா இருந்துக்கோங்கப்பா" என்று ஆறு தடவை சொல்லியிருந்தாள்.

மறுநாள் காலை கண்மாய்க்குப் போனேன். குட்டி வாத்து போல ஒரு முக்குளிப்பான் பறவை நீந்திக்கொண்டிருந்தது. பொத்தானை அழுத்தும் நொடியில் முங்கிவிடும். பதினேழு எண்ணினால் வேறெங்கோ எழும். இப்படியே என்னை இழுத்துக்கொண்டு பெண்கள் குளிக்கும் படித்துறைப் பக்கம் போய்விட்டது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். பெண்கள் துறையை நெருங்கும் ஆண், தூரத்திலேயே உரக்கச் செருமிவிட்டுத்தான் போக வேண்டும். அறுபத்தொன்பது வயதில் இது எனக்குத் தெரியாததல்ல. செருமினால் பறவை முங்கிவிடுமே என்று, வாயைப் பொத்திக்கொண்டு கருவேலம் புதருக்குள் குப்புறப் படுத்தேன். (திருடன்கூட இவ்வளவு சிரத்தையாக ஒளிய மாட்டான்.)

"ஏட்டி, புதருக்குள்ள ஆளு கெடக்கு."

நான்கு பெண்கள் ஈரச் சேலையை இழுத்துச் செருகியபடி வந்து சூழ்ந்தார்கள்.

"எதுக்குய்யா ஒளிஞ்சு கெடக்கீரு?"

"பறவையப் படம் எடுக்கேம்மா."

"நரைச்ச தலைக்குப் பேச்சப் பாரு. எந்தப் பறவ?"

கையை நீட்டிக் காட்டினேன். அது முங்கியிருந்தது.

"இவிய நம்ம கலாவோட அப்பால்லா" என்றாள் ஒருத்தி. அதற்குப் பதில் நான்கு அடி கொடுத்திருக்கலாம்.

யாரோ ஓடிப்போய்ச் சொல்ல, கலாவும் அவள் மாமியாரும் வந்தார்கள். கலா என் முகத்தைப் பார்க்கவில்லை. சம்பந்தியம்மா கேமராவை வாங்கி, எல்லோரும் எட்டிப் பார்க்க, முப்பத்தெட்டுப் படங்களையும் ஒவ்வொன்றாகத் தள்ளினார்.

"தண்ணி. இதுவும் தண்ணி. இது என்னண்ணே, ஒங்க வெரலா?"

"ஆமாம்மா."

"பொறவும் தண்ணி." கடைசிப் படம் வரை பார்த்துவிட்டுக் கேமராவை என்னிடம் நீட்டினார். "பக்கத்துல நிக்க பறவயவே பிடிக்கத் தெரியல. இவுகளா நம்மளப் பிடிக்கப் போறாக? போயி வேலையப் பாருங்கட்டி."

சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். என் கையாலாகாத்தனம் எனக்காகச் சாட்சி சொல்லி என்னை விடுவித்தது. அன்று பத்தரை மணி பஸ்ஸிலேயே கலா என்னை ஏற்றிவிட்டாள்.

மூன்று வருடமாகிறது. நான் போகும் ஒவ்வொரு விசேஷத்திலும், தண்ணீரைப் படம் பிடித்த மாமாவின் கதையைச் சம்பந்தி வீட்டார் யாராவது தொடங்கிவிடுவார்கள். இதுவரை எட்டுத் தடவை. எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். எட்டுத் தடவையும் கலா, காப்பி போடுவதாகச் சொல்லி எழுந்து போய்விட்டாள்.